'வீட்டிலும்' என்று ஒரு வார்த்தை

பூட்டுக்காரருக்கு 'இலவசம்' என்ற சொல்லைக் கேட்டாலே காது அரிக்கும். கடைவீதியில் யாராவது எதையாவது சும்மா நீட்டினால் வாங்க மாட்டார். நீட்டிய கையை முதலில் பார்ப்பார், பிறகு அந்தக் கைக்குச் சொந்தமான முகத்தைப் பார்ப்பார். அதற்குள் நீட்டியவருக்கே சலித்துப்போய் அடுத்த கடைக்கு நகர்ந்துவிடுவார். அப்படிப்பட்ட மனுஷனின் வீட்டுக்குள்ளேயே ஓர் இலவசம் வந்து உட்கார்ந்துகொண்டு இரவும் பகலும் உறுமிக்கொண்டிருந்தால் அவருக்குத் தூக்கம் எப்படி வரும்?

வந்தது ஆக்சிஜன் மெஷின். சக்கரம் வைத்த வெள்ளைப் பெட்டி, முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே உயரம். பக்கத்தில் செருகிய பாட்டிலில் தண்ணீர் குமிழியிட்டுக்கொண்டே இருக்கும். அதிலிருந்து கிளம்பும் மெல்லிய குழாய் கூடத்தைத் தாண்டிச் சமையலறை அடுப்பு வரைக்கும் நீளும். அதன் மறுமுனை அவர் மனைவியின் மூக்கில். கல்யாணத்துக்கு முன்பிருந்தே பஞ்சாலையில் நூல் ஓட்டியவள் அவள். தெருவில் அவளுக்கு ஆலையக்கா என்றுதான் பெயர். ஆலையை எப்போதோ இழுத்து மூடிவிட்டார்கள். தூசி மட்டும் அவள் நெஞ்சுக்குள் இன்னும் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தது.

அரசாங்கக் காப்பீட்டில் ஆக்சிஜனுக்கு இடம் உண்டு. ஆனால் ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்திருந்தால்தான். எழுந்து வீட்டுக்கு வந்துவிட்டால் அவளுடைய மூச்சுக்கும் அரசாங்கத்துக்கும் சம்பந்தம் கிடையாது. அதனால் போன வருஷம் பாதி நாள் அவள் வார்டில்தான் கிடந்தாள். வைத்தியம் ஒன்றும் நடக்கவில்லை, வெறும் காற்றுக்காகப் படுத்திருந்தாள். பக்கத்துக் கட்டிலில் யார் வந்தார்கள், யார் எழுந்து போனார்கள், யாரைத் தூக்கிக்கொண்டு போனார்கள் என்று பார்த்துப் பார்த்து அவளுக்கு வெறுத்துவிட்டது. "சாகறதுன்னாலும் என் கூரையைப் பார்த்துக்கிட்டுத்தான் சாவேன், இந்த டியூப் லைட்டைப் பார்த்துக்கிட்டு இல்ல" என்று நர்ஸிடம் சண்டை போட்டாள்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு கம்பெனி ஆள் மெஷினை வேனில் கொண்டுவந்து இறக்கினான்.

"நோயாளிகள் சங்கத்துல சொல்லி அனுப்பினாங்க சார். விஷயம் முடியிற வரைக்கும் வெச்சுக்கோங்க. வாடகை எதுவும் கிடையாது."

"எந்த விஷயம்?" என்றார் பூட்டுக்காரர்.

"அது எனக்குத் தெரியாது சார். இறக்கச் சொன்னாங்க, இறக்கினேன்."

ஆலையக்காவோ விஷயத்தைப் பற்றி விசாரிக்கவில்லை. குழாயை மூக்கில் மாட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் அவள் நகத்தில் ஏறியிருந்த நீலம் இறங்கியது. அன்றைக்கு அவளே உட்கார்ந்து வெங்காயம் நறுக்கினாள்.

விஷயம் என்னவென்று மறுவாரம் சங்கத்துப் பெண் வந்து சொன்னாள். முடியை இழுத்து முடிந்துகொண்டு, தோளில் ஒரு கனத்த பையோடு வருகிற பெண். யார் பேச ஆரம்பித்தாலும் "சுருக்கமா சொல்லுங்க" என்பாள். பூட்டுக்காரர் முதல் நாளே அவளுக்குச் சுருக்கம் என்று பெயர் வைத்துவிட்டார்.

"காப்பீட்டுச் சட்டத்தைத் திருத்தறாங்க அண்ணே. சட்டசபையில அதுக்குன்னு ஒரு குழு போட்டிருக்காங்க. நம்ம தொகுதி மெம்பர் அந்தக் குழுவுல இருக்காரு. அவரை நேர்ல பார்த்துக் கேக்கப் போறோம். அக்காதான் பேசணும்."

"நானா?" என்றாள் ஆலையக்கா. அவளுக்கு உள்ளூரப் பெருமைதான்.

"நீங்கதான். அவர் முன்னாடி உட்கார்ந்திருக்கீங்கன்னு வெச்சுக்கோங்க. ஆரம்பிங்க பார்ப்போம்."

ஆலையக்கா ஆரம்பித்தாள். ஆலையில் சேர்ந்த கதை, சிடுமூஞ்சி சூப்பர்வைசர், காற்று வந்தால் நூல் அறுந்துபோகும் என்று ஜன்னலைச் சாத்தியே வைத்திருந்தது, சாப்பாட்டு டப்பாவைத் திறந்தால் சோற்றின் மேல் பஞ்சு படிந்திருந்தது...

"சுருக்கமா அக்கா."

"கதையில எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலையேம்மா. அதுக்குள்ள சுருக்கச் சொல்றியே."

சுருக்கத்துக்கே சிரிப்பு வந்துவிட்டது. "முழுக் கதையும் வேண்டாம் அக்கா. ஆஸ்பத்திரியில எப்படி இருந்தீங்க, வீட்டுல எப்படி இருக்கீங்க, அது போதும். அப்புறம் என்ன வேணும்னு கேளுங்க. ஒண்ணே ஒண்ணுதான் கேக்கணும்."

"மாத்திரை செலவையும் சேர்த்துக் கேட்டுரலாம்னு இருந்தேன்."

"கூடவே கூடாது. ரெண்டு கேட்டா அவருக்கு எது சுலபமோ அதைக் கொடுத்து அனுப்பிடுவாரு. சட்டத்துல 'மருத்துவமனையில்'னு இருக்கு. அதுக்குப் பக்கத்துல 'வீட்டிலும்'னு ஒரு வார்த்தை சேர்க்கணும். அவ்வளவுதான் நம்ம கோரிக்கை. திட்டக் கூடாது. கெஞ்சவும் கூடாது."

"அழுகை வந்தா?"

"வந்தா வரட்டும். வரவழைக்கக் கூடாது. கேட்டு முடிச்சதும் வாயை மூடிக்கணும். அவரு ஏதாவது சொல்ற வரைக்கும் நம்ம யாரும் பேசக் கூடாது. சும்மா இருக்கறது ரொம்பக் கஷ்டமா இருக்கும். இருந்தே ஆகணும்."

"அது எனக்குச் சுலபம். என் மூச்சே அதோட தீர்ந்துடும்."

"இன்னொண்ணு. தெரியாததைக் கேட்டா தெரியலன்னு சொல்லுங்க. விசாரிச்சுச் சொல்றோம்னு சொல்லுங்க. பொய் மட்டும் வேண்டாம். ஒரு பொய் மாட்டிக்கிச்சுன்னா அப்புறம் நம்ம ஆளுங்க யாரையும் அந்தப் படியேற விடமாட்டாங்க."

"அந்தக் கவலையே வேண்டாம்மா. இவருக்குப் பொய் சொல்ல வராது. கல்யாணமான புதுசுல, நான் அழகா இருக்கேனான்னு கேட்டதுக்குக் கண்ணாடி அங்க இருக்குன்னு கையைக் காட்டின மனுஷன்."

பூட்டுக்காரர் சிரிக்கவில்லை. சுருக்கம் பேசிய ஒவ்வொன்றும் அவருக்குப் பிடித்திருந்தது. பிடித்துப்போன காரணத்தாலேயே சந்தேகம் இன்னும் கூடியது.

"எங்களுக்கு மூச்சு. உங்களுக்கு இதுல என்னம்மா?"

"எங்கப்பாவும் இதே நோவுலதான் போனாரு அண்ணே" என்றாள் அவள். அதையும் சுருக்கமாகத்தான் சொன்னாள்.

உண்மையாக இருக்கலாம். அதுவும் ஒத்திகை பார்த்துவைத்ததாக இருக்கலாம். பூட்டுக்காரர் அன்று கடைக்குப் போகும் வழியெல்லாம் அதையே புரட்டிக்கொண்டு போனார்.

அவர் தொழில் அப்படிப்பட்டது. மருந்துக்கடைக்கும் சலூனுக்கும் நடுவில் ஒரு குறுகலான சந்தை அடைத்துக் கட்டியது போன்ற கடை. கம்பியில் வரிசையாகத் தொங்கும் வெற்றுச் சாவிகள், சாவியைக் கவ்விப் பிடிக்க ஒரு வைஸ், நாலைந்து அரம், பித்தளைத் தூள் படிந்த ஸ்டூல். சாவி தொலைந்துவிட்டது, வந்து திறந்து கொடுங்கள் என்று வாரத்துக்குச் சிலபேர் வந்து நிற்பார்கள். பாதிப்பேர் நிஜமாகவே தொலைத்தவர்கள். மீதிப்பேர் அண்ணன் வீட்டைத் திறக்க வந்த தம்பி, மாமியார் பெட்டியைத் திறக்க வந்த மருமகள், வீட்டுக்காரனை ஏமாற்ற வந்த குடித்தனக்காரன். எல்லாருக்கும் ஒரே பதற்றம், ஒரே வியர்வை. முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் பக்கத்தில் இரண்டு பேரை விசாரிக்காமல் எந்தப் பூட்டிலும் அவர் கம்பியை விட்டதில்லை.

இந்தச் சங்கத்தையும் இரண்டு பேரிடம் விசாரித்துவிட வேண்டும் என்று முடிவு செய்தார்.

முதல் ஆள் தானாகவே அகப்பட்டார். மெம்பர் அலுவலகத்தில் இரும்பு அலமாரியின் சாவி உள்ளேயே ஒடிந்துபோயிற்று என்று அவருடைய உதவியாளர் ஆள் அனுப்பினார். பூட்டுக்காரர் போய், வழக்கம்போல, "இது யார் அலமாரிங்க?" என்றார்.

"ஆபீஸ் அலமாரிதான்யா. நானே கூப்பிட்டு நானே திருடுவேனா?"

"இருக்கட்டுங்க" என்று வாசலில் நின்ற காவலாளியையும் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் பையைத் திறந்தார். உதவியாளருக்கு அது பெரிய வேடிக்கையாகப் போய்விட்டது. உள்ளே வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரித்தார். பூட்டுக்காரர் எண்ணெய் விட்டு, மெல்லிய கம்பியால் ஒடிந்த துண்டை நெம்பிக்கொண்டே பேச்சோடு பேச்சாகக் கேட்டார்.

"ஆக்சிஜன் விஷயமா ஒரு சங்கம் உங்களைப் பார்க்க வர்றாங்களாமே. அவங்களுக்குப் பின்னாடி யாருங்க?"

"பின்னாடி யாரு? நோயாளிங்கதான்னு நினைச்சேன்." உதவியாளர் சிரிப்பை நிறுத்திவிட்டார். "ஏன் கேக்கறீங்க?"

"சும்மாதாங்க."

சாவித்துண்டு வெளியே வந்தது. உதவியாளர் அலமாரியைப் பார்க்காமல் பூட்டுக்காரரையே பார்த்துக்கொண்டிருந்தார். கேட்ட கேள்வி ஒருவர் காதில் விழுந்துவிட்டால் அதைக் கம்பி விட்டு வெளியே எடுக்க முடியாது என்பது அப்போது பூட்டுக்காரருக்குத் தோன்றவில்லை. தொழில்காரருக்கு இந்த ஒரு பூட்டு பிடிபடாமல் போய்விட்டது.

இரண்டாவது ஆள் ஜெராக்ஸ்காரர். சங்கத்து அட்டைகள் எல்லாம் அவர் கடையில்தான் அச்சாகின.

"நல்ல பார்ட்டி அண்ணே. உடனுக்குடனே பணம் வந்துடும்."

"சங்கத்துலயிருந்தா?"

"சங்கத்துக்கு ஏது காசு? அந்த மெஷின் வாடகைக்கு விடற கம்பெனிதான் கட்டுது. அட்டை, வேன், அவங்க ஆபீஸ் வாடகை எல்லாம் அவங்க கணக்குதான். என்கிட்ட ரகசியம்னு ஒண்ணும் சொல்லல, நீங்க கேட்டீங்க, சொல்றேன்."

பூட்டுக்காரர் கடையைச் சாத்திவிட்டு நேரே வீட்டுக்கு வந்தார். அன்று பகல் முழுக்கப் புழுக்கம். மழை வருவது போல் மூட்டம் போட்டுவிட்டு வராமல் போன நாள். அந்த மாதிரி நாளில் ஆலையக்காவுக்கு நெஞ்சு இன்னும் இறுகும். கட்டிலில் தலையணையை முதுகுக்கு வைத்துச் சாய்ந்திருந்தாள்.

"நான் அப்பவே சொன்னேனா? எல்லாம் கம்பெனிக்காரன் காசுன்னு ஜெராக்ஸ்காரரே சொல்றாரு. சட்டத்துல அந்த வார்த்தை ஏறிட்டா ஊர்ல இருக்கற எல்லா வீட்டுக்கும் அவன் மெஷின்தான். அரசாங்கமே அவனுக்கு வாடகை கட்டும். அதுக்கு உன்னைப் பொம்மையா உட்கார வைக்கறாங்க."

"சரி."

"என்ன சரி? நாளைக்கு மெம்பரைப் பார்க்கப் போக வேண்டாம்."

"போகாட்டி மெஷினை எடுத்துட்டுப் போயிடுவான்."

"போகட்டும்."

ஆலையக்கா தலையணையிலிருந்து நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"சொல்றதுக்கு உங்களுக்கு என்ன, நெஞ்சு நிறைய மூச்சு இருக்கு" என்றாள். "அவன் லாபம் பார்ப்பான்தான். பார்த்துட்டுப் போறான். சோறு விக்கறவன் லாபம் பார்க்கறான்னு நம்ம பட்டினியா கிடந்தோம்? எனக்குப் பின்னாடி யாரு நிக்கறான்னு நீங்க தேடறீங்க. எனக்கு முன்னாடி அந்த வார்டு நிக்குதுங்க."

இவ்வளவையும் ஒரே மூச்சில் அவள் சொல்லவில்லை. நடுவில் மூன்று நாலு இடத்தில் நின்று, காற்றை இழுத்து இழுத்துச் சொன்னாள். அவர் அந்த இடைவெளிகளில் குறுக்கே பேசியிருக்கலாம். பேசவில்லை. அவருக்கு அவள்மேல் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. வெறும் சந்தேகத்தை வைத்துக்கொண்டு பெண்டாட்டியின் மூச்சை நிறுத்துகிற துணிச்சல் அவருக்கு இல்லை.

மறுநாள் போனார்கள். கம்பெனியின் வேன்தான். ஆலையக்காவுக்குச் சக்கரம் வைத்த சின்ன சிலிண்டர். சுருக்கம் முன்சீட்டிலிருந்து திரும்பித் திரும்பி, "ஒரு வார்த்தை, அக்கா, ஒரே வார்த்தை" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். பூட்டுக்காரர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

மெம்பர் அறையில் கண்ணாடி போட்ட மேசை, அதன்மேல் அணைத்து வைத்த இரண்டு செல்போன், சுவரோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள். மெம்பர் வயதானவர் இல்லை. தூக்கம் போதாத கண். உதவியாளர் அவருக்குப் பின்னால் நின்றார்.

ஆலையக்கா பேசினாள். சொல்லிக் கொடுத்ததைவிட நன்றாகவே பேசினாள். வார்டில் தன்னைப் பாதி வருஷம் போட்டுவைத்த செலவில், வீட்டில் எவ்வளவோ காலம் மெஷின் ஓடும் என்றாள். "வீட்டுல இருந்தா நானே சமைக்கறேங்க. வார்டுல இருந்தா நான் வெறும் கட்டில் நம்பருங்க" என்றாள். "சட்டத்துல 'மருத்துவமனையில்'ங்கறதுக்குப் பக்கத்துல 'வீட்டிலும்'னு ஒரு வார்த்தை நீங்க சேர்க்கச் சொல்லணும்." அவ்வளவுதான். கையை மடியில் வைத்துக்கொண்டு நிறுத்திவிட்டாள்.

யாரும் பேசவில்லை. சிலிண்டர் மட்டும் மெதுவாகச் சீறிக்கொண்டிருந்தது. மெம்பர் மேசைக் கண்ணாடியைப் பார்த்தார், அவள் மூக்குக் குழாயைப் பார்த்தார். பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டார். குரல் மாறியிருந்தது.

"கேக்கறது நியாயமாத்தான் இருக்கு. ஆனா இதுக்குப் பின்னாடி ஏதோ கம்பெனி இருக்குன்னு என் காதுல விழுந்துச்சே. நாளைக்குப் பேப்பர்ல வந்தா என் பேர்தான் நாறும்."

உதவியாளர் பூட்டுக்காரரைப் பார்த்தார். தான் விட்ட கேள்வி எங்கே போய் எப்படித் திரும்பி வந்திருக்கிறது என்று பூட்டுக்காரருக்கு அப்போது புரிந்தது. சுருக்கம் வாயைத் திறந்தாள். மெம்பர் கையைக் காட்டி அவளை நிறுத்தினார்.

"நீங்க இருங்கம்மா. நீங்க சங்கம். அய்யா, நீங்கதானே அந்தப் பூட்டுக்காரர்? எங்க சொந்த அலமாரியைத் திறக்கறதுக்கே சாட்சி கேட்டீங்களாமே." லேசாகச் சிரித்தார். "உங்க வீட்டு விஷயத்துல விசாரிக்காம இருந்திருக்க மாட்டீங்க. நீங்க சொல்லுங்க. யாரு இருக்காங்க பின்னாடி?"

தெரியவில்லை என்று சொல்லியிருக்கலாம். விசாரித்துச் சொல்கிறோம் என்றும் சொல்லியிருக்கலாம். சுருக்கம் அதைத்தான் சொல்லிக் கொடுத்திருந்தாள். அவள் கண்ணும் அதைத்தான் கெஞ்சியது.

"விசாரிச்சேங்க" என்றார் பூட்டுக்காரர். "யாரும் இல்லைங்க. எல்லாம் நோயாளிங்க வீட்டுக் காசு. இந்த வேனுக்குக்கூட ஆளாளுக்குப் போட்டுத்தான் கொடுத்தோம். டிரைவர் எங்க நிலைமையைப் பார்த்துட்டுப் பாதியைத் திருப்பிக் கொடுத்துட்டாரு."

டிரைவர் பாதியைத் திருப்பிக் கொடுத்தது எங்கிருந்து முளைத்தது என்று அவருக்கே தெரியாது. கேட்காமலே வந்து நாக்கில் உட்கார்ந்துகொண்டது. குரல் நடுங்கவில்லை. மெம்பர் அவர் முகத்தையே பார்த்தார். பூட்டுக்காரரும் பார்வையை விலக்கவில்லை.

"இவரு சொன்னா நம்பலாம்" என்று மெம்பர் உதவியாளர் பக்கம் திரும்பினார். "அந்த வார்த்தையைக் குறிச்சுக்கோ. குழுவுல நான் பேசறேன்."

வெளியே வந்ததும் சுருக்கம், "நல்லா பேசினீங்க அண்ணே" என்றாள். அவர் முகத்தைப் பார்க்காமல் பையின் ஜிப்பைச் சரிசெய்துகொண்டே சொன்னாள். வேனில் ஆலையக்கா கண்ணை மூடிச் சாய்ந்துகொண்டாள். களைத்திருப்பாள் என்று பூட்டுக்காரர் நினைத்தார்.

வீட்டுக்கு வந்து சிலிண்டரைக் கழற்றி மெஷின் குழாயை மாட்டிவிட்டார். சோறு வடித்து, முட்டை அவித்து, கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து உரித்தார். காரியம் ஜெயித்த சந்தோஷம் ஒருபக்கம் இருக்கத்தான் செய்தது. இனி அவள் வார்டுக்குப் போக வேண்டியதில்லை. அதை அவளிடம் சொல்ல வாயெடுக்கும்போது அவளே பேசினாள்.

"நல்லா சொன்னீங்க."

"என்னத்தை?"

"அதான். ஆளாளுக்குப் போட்டோம்னு."

"உனக்காகத்தான் சொன்னேன்."

"தெரியும். நான் குத்தம் சொல்லல. நானும்தானே வாயை மூடிக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்." கொஞ்சம் காற்று வாங்கிக்கொண்டாள். "ஆனா நீங்க இமைகூட அடிக்கலையே. அந்த டிரைவர் கதையைக் கேட்டதும், நேத்து ஜெராக்ஸ்காரர் சொன்னதெல்லாம் தெரிஞ்ச எனக்கே, நிஜமோன்னு தோணிடுச்சு."

"இப்ப அதுக்கு என்ன?"

"ஒண்ணு கேக்கணும். கடைசித் தடவை ஆஸ்பத்திரியில இருந்து கிளம்பறப்போ பெரிய டாக்டர் உங்களை மட்டும் உள்ள கூப்பிட்டுப் பேசினாரு. வெளிய வந்து, மெஷின் மட்டும் வீட்டுல இருந்தா இன்னும் பல வருஷம் நல்லா இருப்பேன்னு சொன்னார்னு சொன்னீங்க."

"ஆமா. சொன்னாரு."

"அன்னைக்கு நான் மறுபேச்சு கேக்கல. நீங்க சொன்னா அவ்வளவுதான்னு நிம்மதியா இருந்துட்டேன். இப்பக் கேக்கறேன். நிஜமா என்ன சொன்னாரு?"

முட்டை அவர் கையில் அப்படியே நின்றது. டாக்டர் அதைத்தான் சொன்னார். வார்த்தைக்கு வார்த்தை அதையேதான் சொன்னார். மேசைமேல் கையை ஊன்றிக்கொண்டு, பயப்படாதீங்க என்று சிரித்தபடி சொன்னது இப்போதும் அவர் கண்ணுக்குள் இருந்தது.

"அதைத்தான் சொன்னாரு. சத்தியமா."

சத்தியம் என்று அவர் அவளிடம் இதுவரை சொன்னதில்லை. சொல்ல வேண்டி வந்ததில்லை.

"வேணும்னா நாளைக்கே கூட்டிட்டுப் போறேன். நீயே டாக்டரைக் கேளு."

"கேக்கலாம். எனக்கு முன்னாடி நீங்க போய் அவர்கிட்ட சொல்லி வெச்சிருந்தா?"

அவர் நிமிர்ந்து அவளை நேராகப் பார்த்தார். குரல் நடுங்காமல், பார்வையை விலக்காமல், "நான் ஏன் அப்படிச் செய்யப்போறேன்?" என்றார். சொல்லி முடித்ததும்தான், காலையில் மெம்பர் முன்னாலும் இதே முகத்தைத்தான் வைத்துக்கொண்டிருந்தோம் என்று உறைத்தது. உண்மைக்கென்று தனியாக வேறொரு முகம் அவரிடம் இல்லை. சட்டென்று தலையைக் குனிந்துகொண்டார். குனிந்ததும் தப்பாகப் போயிற்று. அவள் அதையும் கவனித்துவிட்டாள்.

ஆலையக்கா கையை நீட்டி அவர் முழங்காலைத் தட்டிக் கொடுத்தாள்.

"சரி விடுங்க. நம்பறேன்" என்றாள்.

அவர் மனசு கஷ்டப்படக் கூடாது என்று அவள் சொன்ன பொய் அது. பூட்டுக்காரருக்கு அதை இன்னொருவரிடம் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை.